எதிர் வீட்டு ஜன்னலும் எங்கள் சூரிய அடுப்பும்

1

சங்கச் செயலாளர் சார் ஈமெயில் அனுப்பியிருந்தார். தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வந்துவிட்டதாம். அங்கே உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார்.

"தம்பி பாலா, நம்ம நகர் சங்கத்துக்குப் பத்தாவது வருஷம். மலர் போடறோம். நீ ஃபாரின்ல சோலார் கம்பெனில இருக்க. வீடு வெச்சிருக்கறவங்களுக்கு உபயோகமா, சூரிய சக்தி, வீட்டுச் சூட்டைக் குறைக்கற வழி, இதெல்லாம் எழுது. சொந்தக் கதை வேணாம். அஞ்சாவது வருஷ மலர்ல ஒருத்தர் பத்ரிநாத் போன கதையைப் பதினோரு பக்கம் எழுதிட்டார்."

சரி சார். உபயோகமானதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

நான் இருக்கும் பெர்த் ஊரில் ஓட்டுக் கூரைமேல் வெந்நீர்த் தொட்டி வைத்த வீடுகள் சர்வ சாதாரணம். கண்ணாடி போட்ட கறுப்புத் தகடு, அதன் தலைமாட்டில் தொட்டி, அவ்வளவுதான். நம் ஊரிலும் இப்போது விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அதே உப்பு வெந்நீர்க் குழாய்க்குள்ளும் படியும். இரண்டு வருஷத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீருக்கென்று தனி மாடல் இருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்குங்கள்.

தகடு நம் ஊரில் தெற்கே பார்க்க வேண்டும். இங்கே வடக்கே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நாடு இது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் பெரிய இன்ஜினியர் கெத்தில் ஒரு தகட்டைத் தெற்கே பார்த்து வைத்துவிட்டேன். போர்மேன் ஏணியில் நின்றபடி, "சூரியன் உன் முதுகுக்குப் பின்னால இருக்கு, தம்பி" என்றான். ஒரு மாதம் அந்தக் கிண்டல் ஓடியது.

சூரியனிலிருந்து கரண்ட் எடுக்கும் பலகை நமக்கு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. அதைவிட, சித்திரை பிறப்பதற்குள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். கீழே ஃபேன் காற்று அனலாக இறங்குவது குறையும். புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள் ஹாலோ பிளாக்கை யோசிக்கலாம். உள்ளே காற்று நிற்பதால் வெயில் சீக்கிரம் தாண்டி வராது.

கடைசியாக, காசே இல்லாத ஒன்று. கடல் காற்று. மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வருகிறதே, அது. இங்கேயும் அப்படி ஒரு காற்று உண்டு. இந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். அது நுழைவதற்காகவே ஜன்னலுக்கு இடம் பார்த்து வீடு கட்டுகிறார்கள். ஆகவே நம் பகுதியில் யார் வீட்டிலும் கிழக்கு ஜன்னலை மூடி வைக்காதீர்கள்...

இந்த வரியைத் தட்டியதும் கை நின்றுவிட்டது. நம் மூன்றாவது குறுக்குத் தெருவில் கிழக்கு பார்த்த ஒரு வீட்டில், முன் அறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக. அந்த வீட்டுக்கு எதிர் வீடு எங்களுடையது. அந்த ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று தெருவில் எல்லாருக்கும் ஒரு காரணம் தெரியும். அது பொய். சொந்தக் கதைதான் சார், மன்னிக்கணும்.

2

போன மாதம் கம்பெனிக்கு ஒரு புகார் வந்தது. நாங்கள் ஒரு வீட்டுக் கூரையில் மாட்டிய தகட்டின் கண்ணாடி, காலை வெயிலைப் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்குத் திருப்பிவிடுகிறது என்று அந்த வீட்டம்மா உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதிவிட்டார். கவுன்சிலிலிருந்து நான்கு பக்கப் படிவம். இந்த ஊரில் தும்மினால் படிவம். கடுப்போடு பேனாவை எடுத்தேன். முதல் கேள்வி இது: "புகார் சொன்னவரின் ஜன்னலில் இருந்து நீங்களே பார்த்தீர்களா? ஆம் / இல்லை."

'இல்லை' என்று எழுதினால் அடுத்த கேள்விக்கே போக முடியாது. ஆகவே மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மாவின் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மார்கரெட் என்று பெயர், எழுபது வயது இருக்கும். டீ கொடுத்தார், பிஸ்கெட் கொடுத்தார். கோபமே இல்லை. ஏழு இருபதுக்குச் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்தது. மெதுவாக நகர்ந்து என் முகத்துக்கு வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"பார்த்தாயா?" என்றார்.

பார்த்தேன்.  டீயைக் குடிக்காமலே கீழே இறங்கினேன்.

தகட்டின் சாய்வை மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. அரை மணி நேர வேலை. எனக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

3

எண்பத்தேழில் நான் ஒன்பதாவது. அப்போது கேஸ் சிலிண்டருக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும், மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்பா ஆபீஸில் யாரோ சொல்லி, அரசாங்க மானியத்தில் ஒரு சூரிய அடுப்புக்கு விண்ணப்பம் போட்டார். ஒரு சூட்கேஸ் அளவு பெட்டி. உள்ளே கறுப்புப் பெயின்ட், நான்கு கறுப்பு டப்பாக்கள், மேலே கண்ணாடித் தட்டு, மூடியின் உட்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. மூடியைத் திறந்து நிறுத்தினால் வெயில் பட்டுத் திரும்பிப் பெட்டிக்குள் விழும். வெயில் நகர நகரப் பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் கிழக்கே பார்க்கும், சாயங்காலம் மேற்கே.

முதல் நாள் பருப்பு வெந்ததும் அம்மா மாடிப்படியில் நின்று கத்தினார். "என்னங்க, வெந்துடுச்சு! சத்தியமா வெந்துடுச்சு!" அதன்பிறகு அதில் வேர்க்கடலை வறுத்ததும், தக்காளி வற்றல் போட்டதும், கேக் செய்கிறேன் என்று களி கிண்டியதும் தனிக்கதை. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எதிர் வீட்டு மூர்த்தி என் உயிர்த் தோழன். அவர்கள் ஊரின் பழைய குடும்பம். நாங்கள் மனை வாங்கிய நிலமே ஒரு காலத்தில் அவர்கள் உழுத நிலம். அவன் அப்பா மத்தியானம் தூங்கும்போது வாசலில் நின்று கூப்பிட்டால் செருப்பு பறந்து வரும். அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கண்ணாடி. நாலு மணிக்கு அவர்கள் வீட்டு முன்பக்கம் நிழலாகிவிடும். அடுப்பு மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் வெளிச்சம் தெருவைத் தாண்டி நேராக அவன் ஜன்னலுக்குப் போகும். இரண்டு தடவை அடித்தால் 'மேட்ச் இருக்கு, பேட்டோட வா'. அவன் ஜன்னல் கதவை இரண்டு தடவை மூடித் திறப்பான். 'வரேன்.'

அந்தக் கோடையில் மூர்த்தியின் காஞ்சனா அண்ணி, அவன் அண்ணனின் மனைவி, ஐந்து மாதம். உள் அறையில் வெக்கை தாங்கவில்லை என்று, காற்று வரும் முன் அறைக்கு, நான் வெளிச்சம் அடிக்கும் அதே ஜன்னல் பக்கம், அண்ணியின் கட்டிலை மாற்றினார்கள். கட்டில் மாறியது எனக்கும் தெரியும். சிக்னலை நான் மாற்றவில்லை.

ஒரு நாள் மூர்த்தியின் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்து தெரு நடுவில் நின்றார்.

"யம்மா, இன்னா எங்க வூட்டுக்கு நேரா கண்ணாடி வெச்சிகினுகீற? புள்ளத்தாச்சிப் பொண்ணு படுத்துகினுகீது. மூஞ்சில பளிச்சு பளிச்சுனு அடிக்குது."

திருஷ்டி படாமலிருக்க வாசல் நிலைமேல் கண்ணாடி மாட்டி, வருகிற கண்ணை எதிர் வீட்டுக்கே திருப்பிவிடுகிற வழக்கம் நம் தெருவுக்குப் புதிதில்லை. அதனால் எத்தனை சண்டை என்றும் உங்களுக்குத் தெரியும். மாடியில் ஆளுயரத்துக்கு மேடை போட்டு, அதன்மேல் இவ்வளவு பெரிய கண்ணாடி என்றால் என்ன நினைப்பார்கள்?

அம்மா மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "ஐயோ, திருஷ்டிக் கண்ணாடி இல்லீங்க. இது அடுப்பு. மேல வாங்களேன், சாதம் வேகறதைக் காட்டறேன்."

"நெருப்பு இல்லாம அடுப்பா? யாருகிட்ட கதை உடற?"

"சரி, மூணு மணிக்கு மேல மூடிடறேன். துணி போட்டுக் கட்டிடறேன். போதுமா?"

அன்றிலிருந்து அம்மா சொன்னபடி மூன்று மணிக்கு அடுப்பை மூடி, அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திக் கட்டினார். மூர்த்தியை எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். நான் அவர்கள் கேட்டைத் தொடக்கூடாது.

பத்து நாள் கழித்து ராஜகீழ்ப்பாக்கம் பசங்களோடு எங்களுக்கு ஃபைனல். மூர்த்தி இல்லாமல் பந்து போட ஆளில்லை. நாலு மணிக்கு நான் மாடிக்குப் போனேன். வேட்டி முடிச்சை அவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன். இரண்டு தடவை.

ஜன்னல் கதவு இரண்டு தடவை மூடித் திறந்தது.

மேட்ச்சில் ஜெயித்தோம்.

மறுநாள் காலை காஞ்சனா அண்ணியை ஆட்டோவில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அண்ணியின் கையைப் பிடித்து இரண்டு பேர் இறக்கினார்கள். குழந்தை தங்கவில்லை.

அன்றைக்குத் தெருவே வெளியில் நின்றது. மூர்த்தியின் அம்மா மறுபடி தெரு நடுவுக்கு வந்தார்.

"மூடறேன்னு சொன்னியே, மூடினியா? முந்தாநேத்துக்கு முன்னாடி நாள், சாயங்காலம் நாலு மணிக்கு எங்க பொண்ணு கண்ல அட்ச்சுதே, அது பொய்யா? நல்லா இருப்பியா நீ?"

அம்மா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூடினேங்க. தினமும் மூடறேன். என் பையன்மேல சத்தியமா மூடினேன்."

அந்தப் பையன் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். எதிர் கேட்டில் மூர்த்தி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா, டப்பாக்களுக்கு அடித்து மீந்திருந்த கறுப்புப் பெயின்ட்டை எடுத்து அடுப்பின் கண்ணாடி முழுக்கப் பூசினார். அம்மா தடுக்கவில்லை. அடுத்த வாரம் எதிர் வீட்டில் கொத்தனார் வந்தார். ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் ஏறியது. அம்மா மறுபடி மண்ணெண்ணெய் வரிசையில் நின்றார். அதைவிட, அதன்பிறகு நம் தெருவில் ஒரு வளைகாப்புக்கும் அம்மாவை யாரும் கூப்பிட்டதில்லை. யார் வீட்டில் வளையல் குலுங்கினாலும் அன்று அம்மா ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்வார். எங்கள் ஸ்டோர் ரூம் மாதிரி சுத்தமான ஸ்டோர் ரூம் தாம்பரத்திலேயே கிடையாது.

4

மார்கரெட் வீட்டுக்குப் போய்வந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் செய்தேன். அப்பா எடுத்தார். மூட்டு வலி பற்றிக் கேட்டுவிட்டு, இந்த ஊரில் 'பரவாயில்லை' என்பதற்குச் சொல்லும் வாய்ப் பழக்கத்தில் "நோ வொரீஸ்ப்பா" என்றேன்.

"எனக்கு என்னடா வொரி? நான் நல்லாத்தானே இருக்கேன். நீதான் ஒரு மாதிரி பேசற. இந்தா, அம்மாகிட்ட பேசு."

இங்கே வந்து மூன்று வருஷத்தில் என் தமிழே இப்படிக் கட்சி மாறிவிட்டது. ஆனால் அன்று சொல்ல வேண்டியது இருந்தது தமிழில்தான். அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அன்னிக்குத் திறந்தது நான்தான், மலரில் எழுதப்போகிறேன் என்று.



"தெரியும்டா" என்றார் அம்மா.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. நான் கட்டறது ரெட்டை முடிச்சு. மறுநாள் காலையில போய்ப் பார்த்தா ஒத்தை முடிச்சு, சுருக்குப் போட்டு. உன் ஷூ லேஸ் மாதிரி."

"அப்புறம் ஏம்மா சொல்லல? அவ்வளவு பேர் முன்னாடி என்மேல சத்தியம் பண்ணியே..."

"நான் மூடினது நிஜம்தானே. பதினாலு வயசுப் பையனைக் கொண்டுபோய் அந்த வாய்ல தள்ளச் சொல்றியா? நீ அந்தத் தெருவுலதான் நடந்து ஸ்கூலுக்குப் போகணும். எனக்கு என்ன, வளைகாப்புச் சோறு சாப்பிடலைன்னா உயிரா போயிடும்?"

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"எழுதாதடா. காஞ்சனாவுக்குதான் அப்புறம் பொண்ணு பொறந்து, அது ரெண்டாவது படிக்குது. எல்லாரும் மறந்தாச்சு."

"ஜன்னல் இன்னும் மூடித்தானேம்மா இருக்கு?"

"ஆமா" என்றார். "மூடித்தான் இருக்கு."

அடுத்து மூர்த்தி. அவன் வேளச்சேரி ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். காலேஜ் போன காலம் முழுக்க ஒரே மின்சார ரயிலில் போனோம். அவன் ஏறிய பெட்டியில் நான் ஏறமாட்டேன், நான் ஏறிய பெட்டியில் அவன் ஏறமாட்டான். நம்பர் வாங்கி அடித்தேன்.

"யாருப்பா?"

"பாலா. எதிர் வீட்டு பாலா."

"அடேங்கப்பா. ஒரே ட்ரெய்ன்ல போய்க்கினு இருந்தப்போ பேசாதவன் ஐஎஸ்டி போட்டுப் பேசுறியா? இன்னா மச்சான், பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். கடையில் யாரோ ஆணி கேட்டார்கள். "இருப்பா, வரேன்" என்று அவர்களை விரட்டினான்.

"எழுது" என்றான். "எழுதுறதுனா என் பேரையும் சேத்துப் போடு. ஜன்னல் கதவை ரெண்டு வாட்டி மூடித் தொறந்தது யாரு? அண்ணி தூங்கிகினுகீதுன்னு நெனச்சு அது தலைமாட்டுல நின்னு மூடித் தொறந்தேன். அது கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சு மச்சான். எதுக்கு மூடித் தொறக்குறன்னு இன்னிக்கி வரைக்கும் கேக்கல. நானும் சொல்லல."

"அண்ணி இப்போ எப்படி இருக்காங்க?"

"நல்லாதான் கீது. ஸ்கூல்ல தமிழ் டீச்சர். ஆனா நாலு மணிக்கு வூட்ல இருந்தா முன் ரூமுக்கு வராது. பாப்பாவையும் உடாது. இஸ்துகினு பின்பக்கம் பூடும்." குரலைத் தாழ்த்தினான். "ஒரு மேட்டரு தெரியுமா? நீ எழுதுறியே மலரு, அதுக்கு புரூஃப் பாக்குறது யாருன்னு நெனச்ச?"

"யாரு?"

"அண்ணிதான்."

5

ஆகவே இந்தக் கட்டுரையைச் செயலாளர் சாருக்கும் முன்னால், தெருவில் யாருக்கும் முன்னால், சிவப்புப் பேனாவோடு நீங்கள்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள், அண்ணி.

கண்ணாடி வெளிச்சம் பட்டுக் குழந்தை போகாது. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லித் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. எதிர் வீட்டில் ஒருத்தி உங்களுக்குக் கெடுதல் நினைத்து, சொன்ன வார்த்தையையும் மீறி உங்கள் முகத்தில் கண்ணாடி காட்டினாள் என்று பன்னிரண்டு வருஷம் நீங்கள் வாழும்படி ஆகிவிட்டது. அந்த ஒருத்தி என் அம்மா. அவர் மூன்று மணிக்கே மூடி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டார். அவிழ்த்தது நான். உங்களைக் குறிவைத்து இல்லை, பந்து போட மூர்த்தி வேண்டும் என்று. உங்கள் கட்டில் அங்கே இருக்கிறது என்று தெரிந்தும். மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து, ஊரான் வீட்டுக் கூரையெல்லாம் ஏறி, வெளிச்சம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டே மூன்று வருஷம் சும்மா இருந்தேன்.

அந்தப் படிவத்தின் முதல் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா உங்கள் வீட்டாரை எங்கள் மாடிக்கு வந்து பார்க்கக் கூப்பிட்டார். உங்கள் ஜன்னலுக்கு வந்து நாங்கள் பார்க்கவில்லை. ஒன்பது தப்படி தூரம். 'இல்லை' என்பதுதான் என் பதில்.

எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். முழுக்கவே அடித்துப் போடுவதென்றால் அதுவும் உங்கள் கையில்தான். பிரின்ட் எடுத்து, படிக்காமல் நேராக உங்களிடம் கொடுக்கும்படி செயலாளர் சாரிடம் சொல்லிவிட்டேன். முதல் பகுதியில் சுண்ணாம்பு, ஹாலோ பிளாக், வெந்நீர்த் தொட்டி எல்லாம் இருக்கிறது, மலருக்கு அது போதும். ஆனால் கிழக்கு ஜன்னல் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவையுங்கள். அது உண்மை. மூன்று மணிக்குக் காற்று உங்கள் சுவர் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது.

ஆவணியில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறேன். நீங்கள் பின்பக்கம் போயிருந்தாலும் பரவாயில்லை, காத்திருக்கிறேன். இந்தத் தடவை வெளிச்சம் அடிக்கமாட்டேன் அண்ணி. கேட் வரைக்கும் வந்து என் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறேன்.